கடைசி வரிசைக்குப் பறந்து வந்த பன்றி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, சோம்பேறித்தனத்துல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் அண்ணாச்சி அனுப்பின ஒரு வீடியோ மறுபடியும் கிளப்பி விட்டுடுச்சு. இப்பவும் எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

வீடியோ வேற ஒண்ணுமில்லீங்க. லாஸ் வேகாஸ்ல 2023 செப்டம்பர்ல ஸ்ஃபியர்னு ஒரு உருண்டை அரங்கம் திறந்தாங்க. உள்ள சுவர்ல இருந்து தலைக்கு மேல வரைக்கும் ஒரே திரை. அங்க மொதமொதல்ல வாசிச்சது யூ2. கூட்டத்துல யாரோ ஃபோன்ல எடுத்தது போல. படங்களெல்லாம் மேல இருந்து அருவி மாதிரி கொட்டுது, கீழ நாலு எறும்பு நிக்குது. அந்த எறும்புகதான் யூ2. அதுக்குக் கீழ அண்ணாச்சி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதுல பாடுதவன் எங்கலே நிக்கான்?"

அவ்ளோதான். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடற ஒரு சண்டை இருக்கு. ஒரு தடவை நாங்க பேச்சுவார்த்தையே இல்லாம இருந்த அளவுக்கு.

சண்டை என்னன்னா, பெரிய ராக் கச்சேரிகள்ல மேடையில ஏத்தற சாமான்களப் பத்தி. பறக்கற பன்றி, தொங்கற மணி, பீரங்கி, பிளாஸ்டிக் பாறை, தலைகீழா சுத்தற டிரம்ஸ், இதெல்லாம் பாட்டுக்குத் தேவையா இல்ல ஜிகினா வேலையா? உலகம் பூரா ராக் ரசிகர்கள் அடிச்சுக்கற சண்டைதான். கிஸ் வேணுமா வேணாமாங்கறதுல ஆரம்பிச்சு எத்தனை நட்பு முறிஞ்சிருக்கோ தெரியாது. எங்களுக்கு யூ2வுல ஆரம்பிச்சுது.

அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். என்னை விட மூணு வயசு பெரியவர். 2008ல சன்னிவேல்ல ஒரே அபார்ட்மெண்ட்ல மூணு பேர் இருந்தோம், அதுல அவர்தான் சீனியர். முதல் போனஸ்ல ஒரு ஃபெண்டர் கிட்டார் வாங்கி வச்சிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே வாசிப்பார். அவரோட சித்தாந்தம் ரொம்ப எளிசு. நல்ல பாட்டுன்னா கண்ணை மூடிட்டுக் கேக்கணும். கண்ணைத் தொறக்க வைக்கறவன் பாட்டுல நம்பிக்கை இல்லாதவன். இதை அவர் சொல்லும்போது உண்மையாவே கண்ணை மூடிப்பார். (சாம்பார் தாளிச்சுக்கிட்டே சொன்னாலும் மூடிப்பார். பயமா இருக்கும்.)

நான் திருச்சிக்காரன். சின்ன வயசுல அப்பா பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போய் ஆர்.எஸ்.மனோகர் நாடகம் காட்டினவர். தரை டிக்கெட்தான், கடைசியில. தந்திரக் காட்சிக்குன்னே கூட்டம் வர்ற நாடகம் அதெல்லாம். வசனம் பாதி காதுல விழாது. ஆனா மேடையில இடி இடிச்சு மின்னல் வெட்டினா அது எங்க வரைக்கும் வரும். அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்குவார். அதனால ஜிகினா மேல எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு சாஃப்ட் கார்னர்னு வச்சுக்கங்களேன்.

2009 அக்டோபர் 25. பாசடீனால இருக்கற ரோஸ் பவுல் மைதானத்துல யூ2. '360 டூர்'னு பேரு. ஞாயித்துக்கிழமை. சன்னிவேல்ல இருந்து ஆறு மணி நேரம் கார்ல போனோம். அந்த டூர்ல டிக்கெட் 30 டாலர்ல இருந்து 250 டாலர் வரைக்கும். அண்ணாச்சி 250 எடுத்தார். நான் 30. அந்த வருஷம் ஊர்ல தங்கச்சி கல்யாணத்துக்கு நகை சேத்துட்டு இருந்தோம். 250 டாலர்னா அது எத்தனை கிராம்னு மனசு தானாக் கணக்குப் போட்டுடும். ஒரே கார்ல போயிட்டு, கேட்ல பிரிஞ்சு, அவர் கீழ போனார், நான் மேல ஏறினேன். ஏறினேன், ஏறினேன், ஏறிக்கிட்டே இருந்தேன்.

கடைசி வரிசையில ஒரு பெரிய மைதானக் கச்சேரியப் பாத்திருக்கீங்களா? பாடறவர் ஒரு தீக்குச்சி. அதுவும் உரசாத தீக்குச்சி. சத்தம் வேற தனியா வரும். சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர்தான் போகும். 150 மீட்டர் தள்ளி உக்காந்தா கிட்டத்தட்ட அரை செகண்ட் தாமதம். டிரம்மர் கை இறங்கி, மேல ஏறின அப்பறம் 'டம்'னு கேக்கும். சுனாமி எச்சரிக்கை மாதிரி, முன்கூட்டியே தெரிஞ்சுடும் :-) இதுக்குன்னே பெரிய மைதானங்கள்ல நடுவுல கோபுரம் கட்டி ஸ்பீக்கர் வச்சு, அந்தச் சத்தத்தை வேணும்னே தாமதமா அனுப்பி, மேடையில இருந்து வர்ற சத்தத்தோட சேர வைப்பாங்க. காதுக்கு வைத்தியம் பண்ணிடலாம். கண்ணுக்கு?

கண்ணுக்கு அன்னைக்கு இருந்தது 'க்ளா'. நாலு கால் ஊனி நிக்கற ஒரு ராட்சச நண்டு மாதிரி, 50 மீட்டர் உயரம். நம்ம ஊர் ராஜகோபுரம் ஒண்ணை மைதானத்து நடுவுல கொண்டாந்து வச்ச மாதிரி. அதுக்குக் கீழ வட்ட மேடை, நாலு பக்கமும் ஜனம். நடுவுல உருளையா ஒரு திரை, அது கீழ்நோக்கி வலை மாதிரி விரியும். இந்த மாதிரி க்ளா மொத்தம் மூணு செஞ்சாங்க. ஒண்ணுல கச்சேரி நடக்கும்போது அடுத்த ஊர்ல இன்னொண்ணை மாட்டிட்டு இருப்பாங்க. 2009ல இருந்து 2011 வரைக்கும் 110 கச்சேரி.

நான் அன்னைக்கு அழுதேங்க. எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டேன், கலாய்ப்பீங்க. விளக்கெல்லாம் அணைஞ்சு, அந்த நண்டு மட்டும் உள்ளுக்குள்ள இருந்து மெதுவா வெளிச்சமாகி, மேல கூம்புல இருந்து ஒளி வானத்துக்குப் போச்சு. எனக்குப் பக்கத்துல ஒரு மெக்சிகன் குடும்பம், தாத்தா பாட்டி பேரன்னு மொத்தமா வந்திருந்தாங்க. அந்தத் தாத்தா எழுந்து நின்னுட்டார். நாங்க இருந்த உயரத்துக்கும் அந்தக் கூம்புக்கும் நேருக்கு நேரா இருந்துச்சு. கீழ 250 டாலர்ல உக்காந்தவங்க அண்ணாந்து பாக்கணும். எங்களுக்கு அது எதிர்வீட்டு மாடி மாதிரி.

திரும்பி வரும்போது ராத்திரி ஒரு மணி இருக்கும். ஐ-5 ரோட்டுல இருட்டைத் தவிர ஒண்ணும் கிடையாது. நான் வாய் ஓயாம க்ளா புராணம் பாடிட்டு வந்திருக்கேன். கெட்டில்மேன் சிட்டில காப்பி குடிக்க நிறுத்தினப்ப அண்ணாச்சி வெடிச்சார்.

"ஏல, நீ பாட்டு கேக்க வரல. பொருட்காட்சி பாக்க வந்திருக்க. கடைசி வரிசையில உக்காந்தவனுக்கு அதான் தெரியும்."

அவருக்கு எங்க அப்பா கதை தெரியாது. ஆனா நான் ஏன் 30 டாலர் டிக்கெட் எடுத்தேன்னு தெரியும். சொல்லிட்டு அவரே ஒரு செகண்ட் கம்முனு ஆனார். ஆனா நெல்லைக்காரர், வாபஸ் வாங்குவாரா? கேஸ் கட்ட ஆரம்பிச்சார்.

முதல் சாட்சி எலுமிச்சம்பழம். 1997ல இதே யூ2 'பாப்மார்ட்'னு ஒரு டூர் போனாங்க. மேடையில ராட்சச மஞ்சள் வளைவு, பல்குச்சியில குத்தின ஆலிவ் காய், அப்பறம் 40 அடி உயரத்துல கண்ணாடிச் சில்லு ஒட்டின எலுமிச்சம்பழம். பழம் நகர்ந்து வந்து திறக்கும், உள்ள இருந்து நாலு பேரும் இறங்கி வருவாங்க. ஆஸ்லோவுல பழம் சரியாத் திறக்கல. உலகப் புகழ் பெற்ற நாலு பேர் பழத்துக்குள்ள மாட்டிக்கிட்டு, பின்பக்க வழியா வெளிய வந்தாங்க. "திருஷ்டி சுத்திப் போட்டாலும் எலுமிச்சம்பழத்த கீழதாம்லே வைக்கணும், உள்ள போய் உக்காரக்கூடாது"ன்னார்.

ரெண்டாவது சாட்சி பாறை. 1983ல பிளாக் சபாத் ஸ்டோன்ஹெஞ்ச் பாறைகளை மேடைக்குச் செஞ்சாங்க. அடிக்குப் பதிலா மீட்டர்னு அளவு போயிடுச்சுன்னு சபாத் ஆளுங்களே கதை சொல்வாங்க. வந்து எறங்கினது அரங்கத்துக்குள்ள முழுசா நிக்க வைக்க முடியாத சைஸ். மறு வருஷம் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்துல இதே கூத்து தலைகீழா வரும். அடிக்குப் பதிலா அங்குலம்னு எழுதிக் கொடுத்து, முழங்கால் உயரத்துல ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் இறங்கும். அண்ணாச்சிக்கு அந்தப் படம் வேதம். நானும் இதுல சிரிச்சுட்டேன். சிரிச்சா பாதி தோத்த மாதிரி.

மூணாவது சாட்சிக்குச் சிரிக்க முடியல. 1992 ஆகஸ்ட் 8, மாண்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம். மெட்டாலிகாவோட ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மேடையில கொளுத்தின தீக்குள்ளயே தெரியாம நடந்து போய் கை வெந்து போச்சு. கச்சேரி நின்னுச்சு. அடுத்து வந்த கன்ஸ் அண்ட் ரோசஸும் சீக்கிரம் முடிச்சுட்டுப் போக, ஜனம் கலவரம் பண்ணிடுச்சு. அதுகூடப் பரவால்ல. 2003 பிப்ரவரி 20, ரோட் ஐலண்ட்ல ஒரு சின்ன கிளப். கிரேட் ஒயிட்னு ஒரு பேண்ட். முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது நம்ம புஸ்வாணம் மாதிரி பொறி கக்கற சாமானைக் கொளுத்தினாங்க. சத்தம் வெளிய போகாம இருக்கச் சுவத்துல ஒட்டியிருந்த ஃபோம் பிடிச்சுக்கிச்சு. 100 பேர் செத்துப் போனாங்க.

"எதுக்குலே அந்த நெருப்பு? எந்தச் சொரத்துல வருது அது?"ன்னு கேட்டார்.

பதில் சொல்ல முடியல. 2004 ஜனவரியில எங்க ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கூரைப் பந்தல் தீப்பிடிச்சு 50 பேருக்கு மேல போனாங்க. மாப்பிள்ளையும் போயிட்டார். அந்த வாரம் ஊர் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கோலிங்கா பக்கம் மாட்டுப் பண்ணை நாத்தம் வர்ற வரைக்கும் கார்ல யாரும் வாய் தொறக்கல. அங்கயும் கண்ணாடிய ஏத்தறதுக்கு மட்டும்தான் தொறந்தோம்.

அதுக்கப்பறம் ரெண்டு மாசம் வீட்டுல 'பால் இருக்கா', 'வாடகை போட்டாச்சு' மட்டும்தான். 2010 ஆரம்பத்துல நான் வேற வீடு மாறினேன். ஆபீஸ் தூரம்னு காரணம் சொன்னேன். ஆபீஸ் அங்கேயேதான் இருந்துச்சு.

ஆனா கேட்ட கேள்வி விடல. ராத்திரி உக்காந்து நோண்ட ஆரம்பிச்சேன். அந்தச் சின்ன கிளப் விஷயத்துக்கு நான் கண்டுபிடிச்ச பதில் இதுதான்: அங்க கடைசி வரிசையே கிடையாது. மேடையில இருக்கறவனோட முகம் எல்லாருக்கும் தெரியற இடத்துல, மைதானத்துல தூரத்து ஆளுக்காகக் கண்டுபிடிச்ச சாமானைக் கொண்டாந்து கொளுத்தியிருக்காங்க. யாருக்காக? அண்ணாச்சி கேட்ட கேள்வி அந்த இடத்துல நூத்துக்கு நூறு சரி. ரோஸ் பவுலுக்கு அது சரியில்ல.

க்ளாவையே எடுத்துக்கங்க. அது அழகுக்கு மட்டும் நிக்கல. சாதாரணமா மேடை ஒரு ஓரத்துல இருக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கற சீட்டெல்லாம் வீண். க்ளாவோட கால்கள்தான் ஸ்பீக்கரையும் திரையையும் தூக்கிப் பிடிச்சிருந்தது. அதனால மேடைக்குப் பின்சுவரே இல்ல, நாலு பக்கமும் டிக்கெட் விக்கலாம். அந்த 30 டாலர் சீட்டுகள் அவ்வளவு இருந்ததுக்கு அந்த நண்டும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம் கண்டுபிடிச்சப்பதான் துள்ளிக் குதிச்சேன். அண்ணாச்சி திட்டின எலுமிச்சம்பழ மேடை, க்ளா, அவர் கோயில் மாதிரி கும்பிடற பிங்க் ஃபிளாய்டோட 'தி வால்' மேடை, இது மூணுக்கும் பின்னாடி இருந்தது ஒரே மனுஷன். மார்க் ஃபிஷர்னு பிரிட்டன்காரர், படிச்சது கட்டடக்கலை. 2013ல காலமாயிட்டார். ஒரே கை திருஷ்டிப் பழமும் செய்யுது, கோயில் மதிலும் கட்டுது.

அண்ணாச்சி பிங்க் ஃபிளாய்டு பக்தர்னு சொன்னேன் இல்லையா. கண்ணை மூடிக் கேக்கறவர் வீட்டுச் சுவத்துல பறக்கற பன்றி போஸ்டர் ஒட்டியிருப்பார்! 1976 டிசம்பர்ல 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்கு அட்டைப்படம் எடுக்க லண்டன்ல பேட்டர்சீ மின் நிலையத்துக்கு மேல 40 அடி நீளப் பன்றி பலூனைக் கட்டினாங்க. முதல் நாள் அது பிச்சுக்கிட்டா சுட்டு இறக்க ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தார். ரெண்டாவது நாள் அவரை வரச் சொல்லல. அன்னைக்குப் பாத்து பன்றி கயித்தை அறுத்துட்டுக் கிளம்பிடுச்சு. ஹீத்ரோ விமானங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுத்துட்டு கென்ட் பக்கம் ஒரு பண்ணையில போய் இறங்கிச்சு. பண்ணைக்காரர் மாடெல்லாம் மிரளுதுன்னு புலம்பினாராம். அப்பறம் அந்தப் பன்றி கச்சேரிகள்ல பறந்து, ரோஜர் வாட்டர்ஸ் பேண்டை விட்டுப் பிரிஞ்சதும் பாகப்பிரிவினையில வந்து நின்னுச்சு. மத்தவங்க 1987ல டூர் போனப்ப பன்றிக்கு விதை வச்சுத் தச்சு, 'இது ஆம்பளப் பன்றி, அது வேற, இது வேற'ன்னு பறக்க விட்டாங்க. சொத்துத் தகராறுல எங்க ஊர் வக்கீல்கள் தோத்தாங்க போங்க.

இதுல முக்கியமான கதை சுவரோடது. 1977 ஜூலை 6, அதே மாண்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம். (ஹெட்ஃபீல்ட் கை வெந்த அதே இடம். அந்த மைதானத்துக்கு யாராவது சுத்திப் போட்டிருக்கலாம், எலுமிச்சம்பழத்தால.) பெரிய மைதானம், பெரிய கூட்டம், பட்டாசு, கூச்சல். வாட்டர்ஸுக்கு எரிச்சல் தலைக்கேறி, மேடைக்குக் கிட்டக்க வந்து கத்திட்டு இருந்த ஒரு ரசிகன் மேல துப்பிட்டார். அப்பறம் அவருக்கே தன்னை நெனச்சு அருவருப்பாப் போச்சு. எனக்கும் கேக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்குன்னு தோணி, அதை நிஜமாவே மேடையில கட்டினா என்னன்னு யோசிச்சார். 1980லயும் 81லயும் கட்டிட்டாங்க. அட்டைச் செங்கல், 40 அடி உயரம், கச்சேரி நடக்க நடக்க ஆளுங்க அடுக்குவாங்க. பாதிக் கச்சேரியில பேண்ட் மொத்தமா மறைஞ்சிடும். தூக்கிட்டு அலைய முடியாத சாமான்ங்கறதால லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் பக்கம், லண்டன், டார்ட்மண்ட்னு நாலே இடம், 31 கச்சேரி.

அதாவது, துப்பு வாங்கினது முன் வரிசை ஆள். கடைசி வரிசைக்காரன் மேல யாரும் துப்பவே முடியாது! இதை அண்ணாச்சிகிட்ட சொல்லணும்னு நாக்கு துறுதுறுத்துச்சு. ஆனா பேச்சுதான் இல்லையே.

ஒரு வருஷம் கழிச்சு அவரே கூப்பிட்டார். தங்கச்சி கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு கேட்டார். அப்பறம் கிட்டார் பத்தி, ஏசி/டிசி பத்தி. 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாட்டுக்கு மேடையில தொங்கவிடற மணி இருக்கே, அதைப் பத்தி உருகிட்டார். 1980 பிப்ரவரியில அவங்க பாடகர் பான் ஸ்காட் செத்துப் போனார். அதே வருஷம் வந்த 'பேக் இன் பிளாக்' ஆல்பம் மணியடிச்சுதான் ஆரம்பிக்கும். இங்கிலாந்துல லஃப்பரோ ஊர் வார்ப்பாலையில சொல்லி வச்சு ஒரு டன்ல மணி வார்த்து, புதுசா வந்த பிரையன் ஜான்சன் கச்சேரிக்குக் கச்சேரி அதை அடிச்சார்.

"அது ஜிகினா இல்லையா அண்ணாச்சி?"

"அது எப்படிலே ஜிகினா ஆகும்? எழவு வீட்டுல சேகண்டி அடிக்காம பாடையத் தூக்குவியா?"

நான் ஒண்ணும் சொல்லல. சேகண்டின்னதும் வாயடைச்சுப் போச்சு. ஆனா பிடி கிடைச்சுடுச்சு. கண்ணை மூடற ஆளுக்கும் ஒரு மணி தேவைப்படுது.

அப்பறம் 2012. வாட்டர்ஸ் 'தி வால்'ஐ மறுபடி தூக்கிட்டு 2010ல இருந்து ஊர் ஊராப் போயிட்டிருந்தார். மே 11 சான் ஃப்ரான்சிஸ்கோ, ஜெயண்ட்ஸ் டீம் ஆடற பேஸ்பால் மைதானம். "வாரியாலே?"ன்னு மட்டும் கேட்டார். நான் வழக்கம் போல மேல. இந்தத் தடவை காசு இருந்துச்சுங்க, வேணும்னேதான் மேல எடுத்தேன். அவர் கீழ, மேடைக்குக் கிட்ட.

சாயங்காலக் குளிர், கடல் காத்து. முதல் பாட்டு முடியும்போது ஒரு விமானம் கூட்டத்துக்கு மேல பாஞ்சு வந்து சுவத்துல மோதி எரிஞ்சுது. ஆரம்பமே ஜிகினாதான். அப்பறம் செங்கல் ஏற ஏற, அதுமேலயே படம் விழ ஆரம்பிச்சுது. போர்கள்ல செத்துப் போனவங்களோட ஃபோட்டோ, பேரு, தேதி. சொந்தக்காரங்க அனுப்பி வச்சது. ஒரு செங்கலுக்கு ஒரு முகம். இடைவேளைக்கு முன்னாடி கடைசிச் செங்கலையும் வச்சு அடைச்சுட்டாங்க. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வெள்ளைச் சுவர், அதுல அத்தனை முகங்கள். இடைவேளைன்னுகூட யாரும் சட்டுனு எழுந்துக்கல.

ஃபோன்ல மெசேஜ். "எந்த செக்‌ஷன்?"

சொன்னேன். ஏதோ பாப்கார்ன் கொண்டு வர்றார்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல மூச்சு வாங்க ஏறி வந்து நிக்கறார். கையில ஒண்ணும் இல்ல.

"என்ன அண்ணாச்சி, சீட்டு?"

"அங்கன இருந்தா நாலு செங்கலுதாம்ல தெரியுது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போச்சு." கொஞ்ச நேரம் கீழயே பாத்துட்டு, "ஒரு படம் போட்டான் பாரு, ஒரு சின்னப் பய. பேரு படிக்கதுக்குள்ள மறைஞ்சிட்டு. அதான் முழுசாப் பாப்போம்னு வந்தேன்."

பக்கத்துல இடம் காலியா இருந்துச்சு. உக்காரல, கடைசி வரிசைக்குப் பின்னாடி கம்பியைப் பிடிச்சுட்டு நின்னார். நானும் எழுந்து பக்கத்துல நின்னேன். ரெண்டாம் பாதி 'ஹே யூ'ல ஆரம்பிக்கும். பேண்ட் பூரா சுவத்துக்குப் பின்னாடி. மேடையில ஒரு மனுஷன் கிடையாது. காசு கொடுத்து வந்த அத்தனை பேரும் வெறும் சுவத்தைப் பாத்துட்டு, அந்தப் பக்கத்துல இருந்து கூப்பிடற குரலைக் கேட்டுட்டு நின்னோம். முன்வரிசைக்காரன், கடைசி வரிசைக்காரன் எல்லாருக்கும் ஒரே காட்சி. ஓரக்கண்ணால அண்ணாச்சியப் பாத்தேன். அவருக்குப் பாக்க அங்க ஒண்ணுமே இல்ல, கண்ணை மூட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. மூடல.

கொஞ்சம் கழிச்சு 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' வந்துச்சு. வாட்டர்ஸ் தனியா சுவத்துக்கு முன்னாடி ஓடி வந்து கையால குத்துவார், வெள்ளைச் சுவர் பூரா வண்ணமா வெடிச்சுச் சிதறும். உச்சியில கிட்டார்காரர் நின்னு வாசிப்பார், எங்க கண்ணுக்கு நேரா. மைதானமே அலறுது. அண்ணாச்சி என் காதுகிட்ட வந்தார். ஏதோ உருக்கமாச் சொல்லப் போறார்னு குனிஞ்சேன்.

"ஏல, அவன் குத்தின பொறவுதான் சத்தம் வருது. இங்கன பாட்டு லேட்டு."

"கண்ணை மூடிக்கங்க அண்ணாச்சி, சரியாயிடும்."

முதுகுல ஒண்ணு வச்சார். ரோஸ் பவுலுக்கு அப்பறம் அவர் என்னை அடிச்சது அன்னைக்குத்தான். (முன்னாடியெல்லாம் தெனமும் அடிப்பார்.)

சுவர் விழும்போது ரெண்டு பேரும் கம்பியில சாஞ்சு எட்டிப் பாத்துட்டு இருந்தோம். பன்றி எங்க தலைக்கு மேல ஒரு சுத்து வந்து போயிருந்துச்சு, அவர் அதுக்குக் கையாட்டினார், அதுக்கு என்கிட்ட சாட்சி இருக்கு, ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன். கச்சேரி முடிஞ்சு பார்க்கிங் வரைக்கும் நடந்து வரும்போது எங்க அப்பா கதையச் சொன்னேன், பொருட்காட்சி, தோளு, மின்னல் எல்லாம். அவர் கேட்டுட்டே வந்தார். கார் கதவைத் தொறக்கும்போது, "அன்னைக்கு கெட்டில்மேன்ல சொன்னது... விடு"ன்னார். அவர் அகராதியில அது ரொம்பப் பெரிய வாக்கியம்.

அதனால சித்தாந்தம் மாறிடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. கிஸ் கூட்டம் ரத்தம் துப்பினா இப்பவும் சேனல மாத்திடுவார். கோல்ட்ப்ளே கச்சேரியில ஆளாளுக்குக் கையில மாட்டி விடற லைட் பட்டைய 'மாட்டுக்குக் கட்டுத மணி'ம்பார். கடைசி வரிசைக்காரனே மேடைச் சாமானா ஆயிட்டான் பாத்தீங்களா அண்ணாச்சின்னு நான் குதிப்பேன். ஸ்ஃபியர் விஷயத்துல எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருக்கு. திரையே ராஜா, பேண்ட் ஓரத்துல கூஜா. க்ளா நாலு பேரையும் எங்களுக்குத் தூக்கிக் காட்டுச்சு, இந்த உருண்டை அவங்களை முழுங்கற மாதிரிதான் வீடியோல தெரியுது. ஆனா ஃபோன்ல பாத்து இதையெல்லாம் தீர்ப்பு சொல்லக்கூடாது.

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போடல. ஸ்ஃபியர்ல மேல, கடைசி வரிசை டிக்கெட் என்ன விலைன்னு தேடிட்டு இருக்கேன். ரெண்டு டிக்கெட்.